துடக்கு வீட்டுப் பூ

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக வைத்தார்கள் என்று என் வீட்டுக்காரர் பகிடி பண்ணுவார். உண்மைக் காரணம் வேறு. எங்கள் குடியேற்றத் திட்டத்தில் சைக்கிள் ஓடத் தெரிந்த, கையெழுத்து ஓரளவு திருத்தமான, கோயில் தலைவரோடு நேருக்கு நேர் நின்று கதைக்கக்கூடிய பெண்பிள்ளை நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே இறங்கினால், குளத்து வாய்க்கால் கரையோடு வீடுகள் ஒரே வரிசையாகப் போகும். முன்னுக்கு வயல். பின்னுக்குக் காடு, காட்டுக்குள் யானை. வவுனியாப் பக்கம் போவதென்றால் இந்தக் கரையில் இயக்கத்திடம் ஒரு பாஸ், அந்தக் கரையில் ஆமியிடம் ஒரு பாஸ். மண்ணெண்ணெய் வராது, யூரியா வராது, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம்கூட வராது. சும்மா வீட்டு வாசலில் நின்றாலும் யாரோ வெளியில் நின்று வேலிப் படலையைக் கட்டிவிட்டுப் போனதுபோல இருக்கும். அப்படியான காலத்தில்தான் நாங்கள் பூச் சங்கம் தொடங்கினோம். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வவுனியாப் பக்கத்திலிருந்து கோயிலுக்குப் பூக் கொண்டுவந்த வியாபாரி பாதை இறுகியதும் வருவதை நிற்பாட்டிவிட்டார். அம்மனுக்கு நாலு அலரிப் பூவோடு பூசை நடந்தது. எங்கள் முற்றங்களிலோ மல்லிகை பூத்துக் கொட்டிக்கொண்டு கிடந்தது. நான் போய்த் தலைவரிடம் சொன்னேன்: “ஐயா, அம்மன் உப்பிடி மொட்டையா இருக்கிறா. எங்கட முத்தத்துப் பூவை எடுங்கோ. காசு வேண்டாம், கோயில் வயல் நெல்லில தாங்கோ.” அவர் மூன்று நாள் யோசித்துவிட்டு ஓம் என்றார். இருபத்திரண்டு வீட்டுப் பெண்கள் சேர்ந்தோம்.

சங்கம் என்றால் மேசை கதிரை போட்டுக் கூடுகிற சங்கம் இல்லை. நான் விடிய எழும்பிச் சைக்கிளில் பெரிய ஓலைக் கடகத்தைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பூ எடுப்பேன். போகிற வீட்டில் கொடியையும் பார்ப்பேன். மல்லிகையைக் கவாத்துப் பண்ணச் சொன்னால் ஒருத்தியும் கேட்க மாட்டாள். “பூக்கிற கொடியை ஆரும் வெட்டுவினமோ? உங்களுக்கென்ன விசரோ?” என்று என்னோடு சண்டைக்கு வருவார்கள். முதலில் என் வீட்டுக் கொடியை முழங்கால் அளவுக்கு வெட்டி, இலை உருவி, எருப் போட்டு விட்டேன். நாற்பது நாளில் அது பூத்த பூவைப் பார்த்த பிறகு எல்லார் வீட்டிலும் கத்தி எடுத்தார்கள். மொட்டுப் புழுவுக்கு வேப்பங்கொட்டை இடித்து ஊறவைத்துத் தெளித்தோம். கிணற்றுக் கயிறு அறுந்தவளுக்கு மற்றவள் கயிறு. அப்படித்தான் நடந்தது.

கோயில் தலைவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். “பிள்ளை, பூ இருபத்திரண்டு வீட்டில இருந்து வருது. எந்த வீட்டில துடக்கு, எந்த வீட்டில இல்லை எண்டு நான் எப்பிடி அறியிறது? துடக்கு வீட்டுப் பூ அம்மன்ர தலையில ஏறினால் ஊருக்குக் கூடாது. அது உங்கட சங்கத்தின்ர பொறுப்பு.” துடக்கு என்றால் வீட்டில் பிறப்பு இறப்பு நடந்தால் காக்கிற தீட்டு. செத்த வீட்டுக்கு எங்களில் முப்பத்தொரு நாள். அந்த நாளில் அந்த வீட்டார் கோயில் வாசல் மிதிக்க மாட்டார்கள், பூவும் கொடுக்க முடியாது.

நான் உடனே கொப்பியை எடுத்து விதி எழுதினேன். துடக்கு வந்த வீட்டார் செயலாளருக்கு அறிவிக்க வேண்டும், கழியும்வரை அந்த வீட்டுப் பூ சேர்க்கப்படாது, அந்த நாட்களில் மற்ற வீட்டார் தங்கள் நெல்லில் ஆளுக்கொரு சுண்டு அந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். எழுதி முடித்து எல்லாருக்கும் முன்னால் உரத்து வாசித்தேன். எனக்குச் சந்தோசத்தில் பெரிய புளுகம். ஒருவரும் பட்டினி கிடக்காத மாதிரி எப்படி எழுதியிருக்கிறேன் பார் என்று வீட்டுக்காரரிடமும் காட்டினேன். அந்த விதி என் கழுத்துக்கே சுருக்காக வரும் என்று அப்போது எனக்கு எங்கே தெரியும்?

வாய்க்கால் கரையில் கடைசி வீடு ஒரு மலையகத்துப் பெண்ணுடையது. கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்த தாய் தகப்பனோடு சிறு பிள்ளையாக வன்னிக்கு வந்தவள். என்னை அக்கா என்பாள், நான் அவளைப் பிள்ளை என்பேன். அவள் வீட்டு மல்லிகைக்கு ஈடாக இன்னொரு மல்லிகை எங்கள் திட்டத்தில் இல்லை. மற்றவர்கள் பூவை உதிரியாகத் தருவார்கள். இவள் மட்டும் வாழைநாரில் தொடுத்து, ஒவ்வொரு நாலு மொட்டுக்கும் ஒரு இரட்டை முடிச்சுப் போட்டுச் சரமாகத் தருவாள். “நெருக்கமா கட்டினா அம்மன் கழுத்துல வாடாம நிக்கும்க்கா,” என்பாள்.

அவளுடைய புருசன் நல்ல கலகலப்பான மனிதன். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் தாய் படுக்கையில் கிடக்கிறாள் என்று கடிதம் வர, பாஸ் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டான். சைக்கிளோடு வவுனியா வரைக்கும் போய், அதை அங்கே ஒரு கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறுவதாகத் திட்டம். போகிற அன்று படலையடியில் நின்று நான் வாயைத் திறந்தேன்.

“தம்பி, வரேக்க அங்கத்தை நடுறதுக்கு நல்ல ரோசாத் தடி கொஞ்சம் கொண்டு வாங்கோவன். சங்கத்துக்கு.”

“கொஞ்சம் என்னங்க அக்கா, ஒரு கட்டே கொண்டாறேன்,” என்றான்.

இரண்டு கிழமையில் வருகிறேன் என்று போனவன். அவன் போன மாதத்திலேயே வவுனியா வீதியில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. கடிதம் இல்லை, ஆள் இல்லை. அவள் தேடிப் போகவும் வழி இல்லை. பத்து மைல் அங்கால் போனால் காவல் சென்றி, அதற்கு அங்கால் பீரங்கிச் செல் விழுகிற காடு. ஒவ்வொரு நாளும் பூவைத் தரும்போது, “பாதை தெறக்கிறாங்களாக்கா?” என்று கேட்பாள். எனக்கு என்ன தெரியும்? “திறப்பாங்கள் பிள்ளை,” என்பேன்.

ஆனி மாதம் மன்னார்ப் பக்கத்துக் காட்டுப் பாதையால் ஒரு வியாபாரி வந்து சேர்ந்தார். கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் வைத்து அவர் சொன்ன கதை மத்தியானத்துக்குள் திட்டம் முழுக்கப் பரவிவிட்டது. காட்டுக்குள் இந்தப் பக்கம் வரக் காத்திருந்த சனத்துக்கு மேல் செல் விழுந்ததாம். ஓடுகிற ஓட்டத்தில் ஒரு சைக்கிளைக் கண்டாராம். கரியரில் ஈரச்சாக்கு சுற்றி ஒரு கட்டு ரோசாத் தடி. பக்கத்தில் ஒருவர் குப்புறக் கிடந்தார். முகம் பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை.

ஐயோ கடவுளே! சாப்பாட்டுச் சாமான் சுமக்கிற பாதையில் ரோசாத் தடி சுமந்துகொண்டு வருவதற்கு உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அன்றைக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். கதை அவளுக்கு முன்னமே வந்திருந்தது. நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது.

“அது அவரு இல்லைங்கக்கா. ரோசாக் கம்பு யாரு வேணும்னாலும் கொண்டு வரலாம். அவரு கொண்டாந்தா அதுக்குத் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு மெதுவாத்தான் வருவாரு. இன்னும் அங்கிட்டுத்தான் இருப்பாரு.”

“ஓம் பிள்ளை,” என்றேன்.

“அவரு வந்ததும் ரெண்டு பேருமா வந்துதான் கும்பிடுவேன்னு அம்மனுக்கு நேந்திருக்கேன். என் பூவு தெனமும் அவ கழுத்துக்குப் போற வரைக்கும் அவரு வந்துகிட்டே இருப்பாரு. நீங்கதான் கொண்டுபோய்க் குடுக்கணும்.”

அடுத்த நாள் கோயில் தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஊர் நன்மைக்கென்று நம்பித்தான் கதைத்தார்.

“பிள்ளை, கடைசி வீட்டுக் கதை கேள்விப்பட்டனான். பாவம். இண்டையில இருந்து அந்தப் பூவை நிப்பாட்டுங்கோ.”

“ஐயா, ஆள் செத்ததெண்டு ஆர் கண்டது? அவள் செத்தவீடு கொண்டாடேல்லை. பொட்டு வைச்சுக்கொண்டு இருக்கிறாள்.”

“அவள் கொண்டாடாட்டில் துடக்கு இல்லையோ? காரியம் செய்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிச்சால்தான் துடக்குக் கழியும். செய்யாட்டில் அது கழியாமல் கிடக்கும். விதி எழுதினது நீங்கள்தானே? நீங்களே இப்ப மாறிக் கதைச்சால் எப்பிடி? பிறகு சங்கத்துப் பூவே வேண்டாம் எண்டு சொல்ல வேண்டி வரும்.”

ஆப்பிழுத்த குரங்குபோல நின்றேன். அவளுடைய பூவை நிற்பாட்டினால் உன் புருசன் செத்துப்போனான் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வதாகும். நிற்பாட்டாவிட்டால் இருபத்தொரு வீட்டுப் பூ தெருவில். நெல்லென்றால் காத்திருக்கும், பூ காத்திருக்காது. விடியப் பறித்தது பின்னேரம் வாடிவிடும். அதைக் கட்டி அனுப்ப எந்தப் பாதை திறந்திருந்தது? பூவுக்கு யார் பாஸ் கொடுப்பார்கள்?

சங்கத்துப் பெண்களை வாசிகசாலை மரத்தடியில் கூட்டினேன், அவள் இல்லாமல். ஒருத்தி சொன்னாள்: “அவையளுக்குத் துடக்கு எண்டால் என்னெண்டு தெரியுமோ? தோட்டத்தில ஆர் உதெல்லாம் பாத்தது?” எனக்கு வந்த கோபத்துக்கு, “உன்ர கொம்மாவின்ர செத்தவீட்டுக்குப் பிறகு இருபதாம் நாளே நீ பூக் கொண்டு வந்து நிண்டனி, நான்தான் திருப்பி அனுப்பினனான். வாயைப் பொத்திக்கொண்டு இரு,” என்றேன். அவள் வாயைப் பொத்தினாள். ஆனால் பொய் சொல்லக் கூடாது. அந்த எண்ணம் என் மனதிலும் ஒருதரம் வந்து போனதுதான். கூட்டத்தில் ஒரு முடிவும் வரவில்லை. கடைசியில் எல்லாரும் எழும்பிப் பாவாடை மண்ணைத் தட்டிக்கொண்டு, “நீங்களே பாத்துச் செய்யுங்கோ அக்கா,” என்று போய்விட்டார்கள்.

பார்த்துத்தான் செய்தேன். செய்ததைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் விடிய வழமைபோலப் போய் அவளுடைய சரத்தை வாங்கினேன். வாழையிலையில் தனியாகச் சுற்றி ஹாண்டிலில் தொங்கவிட்டேன். கோயிலுக்குப் போகிற வழியில் வாய்க்காலுக்கு மேல் மதகு என்று ஒரு சின்னப் பாலம். அங்கே இறங்கி, முன்னும் பின்னும் பார்த்து, சரத்தை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். தண்ணீர் நல்ல இழுவை. ஒரு நிமிடத்தில் அது வளைவால் திரும்பி வயல் பக்கம் போய்விட்டது. கோயிலில் தலைவர் கேட்டார். “நிப்பாட்டியாச்சு ஐயா,” என்றேன். அதில் பொய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொய் அடுத்த நாள் தொடங்கியது. “நேத்து அம்மனுக்கு என்ன பூ சாத்தினாங்கக்கா?” என்று கேட்டாள்.

“உன்ர மல்லிகைதான் பிள்ளை.”

“கழுத்துக்கா, காலுக்கா?”

“கழுத்துக்கு.”

அவளுடைய முகம் அப்படியே விரிந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பொய்யிலிருந்து வெளியே வரத் தெரியவில்லை. அவளுக்குரிய நெல்லை எங்கள் வீட்டுப் பங்கில் இருந்தே அளந்து கொடுத்தேன். வீட்டுக்காரருக்கு மட்டும் விசயம் தெரியும். “உது எங்க போய் முடியப்போகுது?” என்றார். “எனக்கென்ன தெரியும், சும்மா இருங்கோ,” என்று அவர்மேல் பாய்ந்தேன். ஒவ்வொரு நாளும் விழிப்பு வரும்போதே மதகு ஞாபகம் வரும். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று யோசிப்பேன். படுத்தால் அவளே கோயில் வாசல் வரைக்கும் பூக் கொண்டு போவாள். அவர்கள் வாசலில் வைத்தே திருப்பி அனுப்புவார்கள். ஆகவே மழையோ வெயிலோ, கிபிர்க் குண்டு விமானம் சுத்துகிற நாளோ, நான் போகத்தான் வேண்டும். ஊரெல்லாம் பாதை பூட்டி அடைபட்டுக் கிடந்தது. நான் அதற்குள்ளே இன்னும் சின்னதாக ஒரு கூடு கட்டி, அதற்குள் போய் இருந்துகொண்டேன்.

ஆனி போய், ஆடி போய், ஆவணி பிறந்தது. சிறுபோக நெல் முற்றிவிட்டால் குளத்து மடைக் கதவான துருசை இறக்கித் தண்ணீரை மறித்துவிடுவார்கள். இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார், இந்தக் கிழமை தண்ணி மறிக்கிறாங்கள் என்று. நானும் ஓம் போட்டேன். நெல்வெட்டுக்கு ஆள் பிடிக்கிற கதைதான் அதற்குப் பிறகு கதைத்தோம். மதகடிக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க என் மண்டையில் இடம் இருக்கவில்லை. விடியல் இருட்டில் கையில் இருந்ததை விட்டெறிந்துவிட்டு, கீழே குனிந்தும் பாராமல் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் மறித்த ஐந்தாம் நாள் அவள் மதகடியில் நின்றாள்.

எரு சுமக்கிற கூடை பக்கத்தில் கிடந்தது. வாய்க்கால் வண்டலை அள்ளிக் கொடிக்குப் போடுவது நல்லது என்று சங்கத்தில் சொல்லிக்கொடுத்தவள் நான்தான், அதற்கு வந்திருக்கிறாள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மதகுக்குக் கீழே கணுக்கால் அளவு குட்டை. அதில் நாலு நாள் சரம் சேற்றோடு சேறாக, ஒன்று மற்றதற்கு மேலே. கபில நிறமாகிப் போன பூவிலும் இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. ஒரு முடிச்சும் அவிழவில்லை. அவள் ஒரு சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னுடைய ஹாண்டிலில் அன்றைய சரம், வாழையிலைக்குள், தொங்கிக்கொண்டிருந்தது.

சைக்கிளால் இறங்கினேன்.

“எத்தனை நாளாக்கா?” என்று கேட்டாள்.

“ஆனிக் கடைசியில இருந்து.”

“ஒரு நாளும் கழுத்துக்குப் போகலை?”

“இல்லைப் பிள்ளை.”

அவள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். கத்துவாள், என் தலைமயிரைப் பிடிப்பாள் என்று காத்திருந்தேன். பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“எங்க சனத்துக்குப் பதினாறு நாளு. உங்க சனத்துக்கு முப்பத்தொண்ணு. எப்படிப் பாத்தாலும் முடிஞ்சிருச்சு,” என்றாள். “நாளையிலருந்து பூவக் கோயிலுக்குக் கொண்டு போங்க.”

“பிள்ளை, அந்தியேட்டி செய்யாமல் கழியாதெண்டு அவை...”

“என்ன செய்யணும்? ஆத்தங்கரையில நின்னு, அவர நெனச்சு, பூவத் தண்ணியில விடணும். அதத்தானே ஒரு மாசத்துக்கு மேல தெனமும் விடியக்காலையில செஞ்சிருக்கீங்க? பெத்த மகன்கூட இவ்வளவு நாளு செய்ய மாட்டான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவருக்குக் காரியம் செஞ்சு முடிச்சுட்டீங்கக்கா.”

நான் மதகுக் கட்டில் குந்தி இருந்துவிட்டேன். அழுகை வந்தது. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்று இன்னும் அழுகை வந்தது. அவள் கையிலிருந்த சரத்தைத் திரும்பவும் குட்டைக்குள் போட்டாள். கூடையை எடுத்து வண்டல் அள்ளத் தொடங்கினாள். அள்ளிக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னாள்.

“உங்க கணக்குல அவரு செத்துட்டாரு, துடக்கும் போயிருச்சு. எங் கணக்குல அவரு வந்துகிட்டு இருக்காரு. பூவ உங்க கணக்குல எடுத்துக்கிட்டுப் போங்க. பொட்டு எங் கணக்குல இருக்கட்டும்.”

அடுத்த நாள் விடிய அவள் வேலியில் சரம் தொங்கியது. அவள் உள்ளே நின்றாள், படலைக்கு வரவில்லை. நெற்றியில் குங்குமம் அந்த மங்கலிலும் தெரிந்தது. சரத்தை எடுத்தேன். மதகைத் தாண்டும்போது கால் பழக்கத்தில் இறங்கப் பார்த்தது. இறங்காமல் மிதித்துக்கொண்டு போனேன்.

தலைவர் கோயில் வாசலில் நின்றார். முடிச்சைக் கண்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது.

“பிள்ளை, உது கடைசி வீட்டுச் சரமெல்லே?”

“ஓம் ஐயா. துடக்குக் கழிஞ்சுது.”

“காரியம் செய்தாச்சோ?”

“செய்தாச்சு.”

“ஆர் செய்தது? ஆம்பிளைப் பிள்ளையும் இல்லையே அந்த வீட்டில.”

“நான்தான்,” என்றேன். “அவளுக்குத் தெரியாமல்.”

அவர் என்னைப் பார்த்தார். கையை நீட்டிச் சரத்தை வாங்கி உள்ளே கொடுத்தார். ஐயர் அதை அம்மன் கழுத்தில் சாத்தினார். நான் கும்பிடாமல் வெளியே வந்து, நேரே கடைசி வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். கழுத்துக்குத்தான் போனது என்று சொல்வதற்கு. படலையடியில் நின்று இரண்டு தரம் கூப்பிட்டேன். உள்ளே கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை.